சுவர் பார்த்த முகம்

அத்தியாயம் 14

ஆடி மூன்றாவது வெள்ளி. விடிவதற்குள் அம்மன் கோயில் ஒலிபெருக்கி கத்த ஆரம்பித்துவிட்டது. ஊர்ப் பெண்களெல்லாம் தலைக்குக் குளித்து, முகம் கழுத்தெல்லாம் மஞ்சள் பூசி, கூழ் ஊற்றக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். சந்திரம்மாள் மட்டும் கிணற்றடியில் உட்கார்ந்து, கையில் ஒட்டியிருந்த மஞ்சளைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

மஞ்சள் அரைத்து விற்கிற வீடு அது. மெஷினைத் தொட்டாலே முழங்கை வரைக்கும் ஏறிவிடும். புருஷன் இருந்தவரை அந்தக் கையோடுதான் சோறு போடுவாள், அந்தக் கையோடுதான் கடைத்தெருவுக்குப் போவாள். இப்போதும் அரைக்கலாம், சலிக்கலாம், கவரில் போட்டு அடைக்கலாம். கையில் மட்டும் தெரியக்கூடாது. அப்படி யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எதிர்வீட்டுப் பாப்பம்மாள் ஒருநாள் பேசிக்கொண்டே இருந்தவள், அந்தக் கையைப் பார்த்துப் பேச்சை நிறுத்திவிட்டாள். அன்றிலிருந்து சோப்புதான்.

முனிரத்தினம் போய் நாலு மாதம் ஆகிறது. பங்குனியில் ஒரு மத்தியானம், ஓரகடம் ரோட்டில், சைக்கிளில் வந்தவரை லாரி அடித்துப் போட்டுவிட்டுப் போனதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். சுவர் விளம்பரம் எழுதுகிறவர். உரத்துக்கும் பீடிக்கும் தேர்தலுக்கும் எழுதி எழுதிச் சலித்து, நமக்கென்று ஒரு சரக்கு வேண்டும் என்று 'சந்திரா பூசு மஞ்சள்' ஆரம்பித்தவர். லேபிளில் பெண்டாட்டி முகத்தை அவரே வரைந்தார். மஞ்சள் பின்னணி. சிவப்புப் புடவை. நெற்றியில் கண்ணை இழுக்கிற மாதிரி ஒரு பெரிய சிவப்புப் பொட்டு.

அவர் போன பிறகு சரக்கு ஓடவில்லை. கவரைக் குற்றம் சொன்னான் மகன் தமிழ்வாணன். மறைமலை நகரில் வண்டிக்குப் பாகம் செய்கிற கம்பெனியில் அவனுக்கு வேலை. அங்கே போல்ட்டும் நட்டும் நீலக் கண்ணாடிக் கவரில் வந்து இறங்குமாம், பார்க்கவே ஜம்மென்று இருக்குமாம். நம் மஞ்சளும் கம்பெனிச் சரக்கு மாதிரி இருக்கட்டும் என்று நீலக் கவரை வாங்கி வந்து அடைத்தான் புத்திசாலி. நீலத்துக்குள் மஞ்சளைப் போட்டால் என்ன நிறம் தெரியும் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கேட்டிருந்தால் சொல்லியிருக்கும். பூசணம் பிடித்த மாதிரி பச்சைப் பசேலென்று தெரிந்தது. போன மாதமே அத்தனையும் திரும்பி வந்து மூலையில் கிடக்கிறது.

பழைய வெள்ளைக் கண்ணாடிக் கவருக்கே மாற்றினார்கள். அப்படியும் ஓடவில்லை. ஆடிதான் பூசு மஞ்சளுக்கு அறுவடைக் காலம். இந்த ஆடியும் போய்விட்டால் மெஷினை விற்றுவிடலாம் என்று தமிழ்வாணன் தீர்மானமாகச் சொல்லிவிட்டான்.

சந்திரம்மாளுக்கு அது பொறுக்கவில்லை. மெஷின் போனால் போகட்டும். லேபிளும் போய்விடுமே. அவர் அவளை உட்கார வைத்துப் பார்த்துப் பார்த்து வரைந்தது அது ஒன்றுதான்.

கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தாள். மகள் மதிவதனி கடைகளுக்குப் போட வேண்டிய பாக்கெட்டுகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"மதி, இன்னிக்கு நானும் வரேன்."

"எங்கம்மா?"

"கோதண்டராமன் அண்ணன் கடைக்கு. சரக்குல இன்னா கொறைன்னு நானே கேக்கறேன். சலிக்கறது பத்தலியா, வாசனை பத்தலியா, அவரு வாயாலயே சொல்லட்டும்."

மதிவதனியின் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது. "வேணாம்மா. ஆடி வெள்ளி. கடைல கூட்டமா..." என்று சொல்ல வந்தவள் நாக்குத் தடுமாறி, "கூட்டமா இருக்கும். நான் கேட்டுக்கினு வரேன்" என்றாள்.

"வெள்ளிக்கெழமைல நான் எதிர்ல வந்தா ஆவாது, அதானே? நான் உள்ள வர்ல. ஓரமா நிக்கறேன்."

"ஐயோ, அதுக்குச் சொல்லலம்மா."

மதிவதனி பேச்சை மாற்ற எதையாவது தேடினாள். சுவரில் ஒரு ஃபிரேம் காலியாகத் தொங்கியது.

"பொங்கலுக்கு எடுத்த என் போட்டோ எங்கம்மா போச்சு?"

"ஒங்கண்ணன் கண்ணாடி தொடைக்கறேன்னு எடுத்தான். வா, பஸ்ஸு பூடும்."

*

பஸ் ஏறுகிற இடம் கூட்டு ரோடு. அங்கே பலராமனுடைய பம்பு செட் கொட்டகை ரோட்டை ஒட்டி நிற்கிறது. அதன் நீளச் சுவர் முழுக்க முனிரத்தினத்தின் கைவேலை. லேபிளில் இருக்கிற அதே முகம், ஆள் உயரத்துக்கு. பொட்டு மட்டும் ஒரு தாம்பாளம் அளவு.

இந்தச் சுவரைப் பார்க்கக்கூடாது என்றுதான் நாலு மாதமாகச் சந்திரம்மாள் இந்தப் பக்கமே வரவில்லை. இன்றைக்குப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

முதலில் இந்தச் சுவர் பச்சையாக இருந்தது. நல்ல இலைப்பச்சை. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் அதைப் பார்த்து, "தலைக்குத் தேய்க்கிற எண்ணெயா?" என்று கேட்டார்கள். முனிரத்தினம் ஒரு வாரம் எதிர்த்தாற்போல் இருக்கிற டீக்கடையிலேயே உட்கார்ந்து, யார் எதைப் பார்க்கிறார்கள் என்று கவனித்தார். அப்புறம் ஒரே நாளில் பச்சையை அழித்துவிட்டு மஞ்சளாக்கினார்.

"பச்சைய பாத்தா மூலிகைன்றான், நீலத்தைப் பாத்தா சோப்புன்றான். படிக்கறவன் எவன் கீறான் சந்திரா? கலர்தான் பேசும். மஞ்சா மேல ஒரு செவப்பு வெச்சேன்னு வெய்யி, ஓடற பஸ்ஸுல இருந்தே கண்ணு வந்து அதுமேல நிக்கும்" என்றார்.

"அதுக்கு என் மூஞ்சி எதுக்கு?"

"செவப்பு சும்மா நிக்குமா? ஒரு நெத்தி வாணாம்?"

அன்றைக்கு அவள் எவ்வளவு சிரித்தாள்! அந்தச் சிரிப்பைத்தான் படத்தின் உதட்டில் அவர் வரைந்து வைத்திருந்தார். இப்போது கீழே பஸ்ஸுக்கு நின்றவள் வெளிறிய புடவையில், வெறும் நெற்றியோடு, மேலே சிரிக்கிற தன்னையே அண்ணாந்து பார்த்தாள். நல்ல வேளை, பஸ் வந்துவிட்டது.

*

ஸ்ரீபெரும்புதூரில் மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு வெளியூர்க்காரர்கள் இறங்கி வழி கேட்பதும், போலீஸ் ஜீப் நிற்பதும் வழக்கமாகிவிட்டது. கடைத்தெரு தன்பாட்டுக்கு நடக்கிறது. கோதண்டராமன் கடையில் வேப்பிலையும் எலுமிச்சம்பழமும் வளையலும் கொட்டிக் கிடக்க, பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள்.

சொன்னபடியே சந்திரம்மாள் படிக்குக் கீழே ஓரமாக நின்றாள். மதிவதனி உள்ளே போனாள்.

புதுத்தாலி மஞ்சள் மாறாத ஒரு பெண்ணும் அவள் மாமியாரும் கடை முன்னால் நின்றிருந்தார்கள். பெண்தான் கேட்டாள்.

"பூசு மஞ்சா ஒண்ணு குடுங்க. மஞ்ச கலருல செவப்புப் பொட்டு போட்டிருக்குமே, அது."

சந்திரம்மாளுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. கேட்கிறார்கள்! இன்னும் கேட்கத்தான் கேட்கிறார்கள்! எட்டி அலமாரியைப் பார்த்தாள்.

அலமாரியில் மெட்ராஸ் கம்பெனி ஒன்றின் ரோஸ் கலர் பாக்கெட்டுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு கொழுத்த கன்னத்துக்காரி சிரித்தாள். அதற்குக் கீழ்த்தட்டில்தான் தங்கள் பாக்கெட். ஆனால் படம் தெரியவில்லை. விலையும் எடையும் அச்சடித்த முதுகுப்பக்கம் தெரிந்தது. ஒன்று இரண்டு இல்லை, வரிசை முழுக்க. அவள் முகம் அத்தனையும் சுவரைப் பார்த்து நின்றது.

கோதண்டராமன் ஒன்றை எடுத்தார். எடுத்த கையோடு ஒரு துண்டு பேப்பரில் மடித்துப் பெண்ணிடம் நீட்டினார். நடுவில் மாமியார் வாங்கிப் பேப்பரைப் பிரித்தாள்.

"இது அந்தப் பொம்பள படம் போட்டதில்ல? வேணாம்ப்பா."

"சரக்கு நல்ல சரக்கும்மா."

"சரக்க ஆருய்யா கொற சொன்னா? அவ புருஷன் லாரில அடிபட்டுப் பூட்டானாமே. ஊருக்கே தெரியும். கல்யாணமாயி முதல் ஆடி, இந்தப் பொண்ணு மூஞ்சில பூசறதுக்கு அவ மூஞ்சி போட்டதா குடுப்ப? அந்த ரோஸ் கலரு குடு."

மாமியார் ரோஸ் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு படியிறங்கினாள். "கொஞ்சம் வழி உடும்மா" என்று சந்திரம்மாளைத் தொட்டு விலக்கிவிட்டுத்தான் போனாள். அடையாளம் தெரியவில்லை. பொட்டில்லாத முகத்தை யார் ஞாபகம் வைத்திருக்கப் போகிறார்கள்?

அப்போதுதான் கோதண்டராமன் அவளைப் பார்த்தார். கையில் இருந்த பாக்கெட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்தார்.

"சந்திரம்மா... நீ எப்பம்மா வந்த? வா, உள்ள வா."

"சரக்கு நல்லா இல்லியாண்ணா?" அவள் இதைத்தான் கேட்க வந்தாள். அதையே கேட்டாள்.

"தங்கம்மா உன் சரக்கு. என் வூட்ல அதான்." கூட்டம் குறையட்டும் என்று காத்திருந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வர்றவங்களுக்கு உன் பேரும் தெரியாது, லேபிள்ல போட்ட பேரும் தெரியாது. மஞ்ச கலரு, செவப்புப் பொட்டு. இன்னிக்கும் அதச் சொல்லித்தான் கேக்கறாங்க. கைல வாங்கினப்புறம் படத்தப் பாக்கறாங்க, வெச்சிட்டுப் பூடறாங்க. அதான் திருப்பி வெச்சேன். திருப்பி வெச்சதுலதான் இதாவது போவுது. தப்பா எடுத்துக்காதம்மா."

தப்பாக எடுத்துக்கொள்ள அவர் மேல் என்ன இருக்கிறது? பாவம், விற்றுக் கொடுக்கத்தான் பார்த்திருக்கிறார்.

சந்திரம்மாள் ரோஸ் பாக்கெட்டைக் காட்டினாள். "அவ ஆருண்ணா?"

"ஆரு கண்டா? மெட்ராஸ்ல எவனோ வரைஞ்சது."

"அவளுக்குப் புருஷன் கீறானா?"

கோதண்டராமன் கையிலிருந்த பாக்கெட்டைக் கீழ்த்தட்டில் வைத்தார். மதிவதனி அம்மாவின் கையைப் பிடித்தாள். "வாம்மா, போலாம்."

"இரு."

சந்திரம்மாள் உள்ளே போய், கீழ்த்தட்டிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்துத் திருப்பினாள். சிவப்புப் பொட்டோடு அவள் சிரித்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவளே அதைத் திரும்பவும் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். வரிசை கோணலாக இருந்தது. ஒவ்வொன்றாகத் தட்டி நேராக்கினாள்.

"இப்டியே இருக்கட்டும்ண்ணா" என்றாள்.

*

திரும்புகிற பஸ்ஸில் மதிவதனி ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"வைகாசிலயே தெரியும்மா."

"ஏன்டி சொல்லல?"

"இன்னான்னு சொல்றது? ஒன் மூஞ்சியத் திருப்பி வெச்சிருக்காங்கன்னா?"

சந்திரம்மாள் மகளின் முதுகைத் தடவினாள். வைகாசியிலிருந்து இந்தப் பெண் கடை கடையாக ஏறி, ஒவ்வொரு அலமாரியிலும் அதைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து 'ஆடில ஓடும்மா' என்று சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறாள். தன் துக்கத்தைவிட அதுதான் அப்போது அவளுக்குப் பெரிதாக வலித்தது.

கூட்டு ரோடு வந்தது. கண்டக்டர் தாண்டவராயன் வழக்கம்போல், "பொட்டம்மா ஸ்டாப்பிங் எறங்கு!" என்று கத்தினான். இந்த ரூட்டில் எல்லாக் கண்டக்டருக்கும் அந்த இடத்துக்கு அதுதான் பேர். இறங்க எழுந்தவளைப் பார்த்ததும் அவன் முகம் செத்துவிட்டது. விசில் ஊதக்கூட மறந்து நின்றான்.

*

ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து தமிழ்வாணன் வீட்டில் இருந்தான். என்றைக்கும் இல்லாத உற்சாகம். அம்மா உட்காரக்கூட இல்லை, சட்டைப் பையிலிருந்து மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினான்.

"பாரும்மா. நம்ப புது லேபிளு. பிரஸ் பாபு சாம்பிள் போட்டுக் குடுத்தான்."

அதே மஞ்சள். அதே சிவப்புப் புடவை. அதே பொட்டு. முகம் மட்டும் மதிவதனியுடையது. பொங்கலுக்கு எடுத்த போட்டோவை வைத்து யாரோ வரைந்திருந்தார்கள்.

மதிவதனி தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். "இதுக்குத்தான் போட்டோவ எடுத்தியா? என்னை ஒரு வார்த்த கேட்டியாண்ணா?"

"கேட்டா ஒத்துக்கமாட்ட. கலரு மாறல பாரு. நைனா போட்ட கலரு அப்டியே கீது. ஆளு மட்டும்தான் மாத்தினேன்."

"ஆளு மட்டுமா? அது அம்மா!"

"எனக்குத் தெரியாதா அது அம்மான்னு?" அவன் குரல் உடைந்துவிட்டது. "கடைல திருப்பி வெச்சிருக்கான், நானும் பாத்தேன். படப்பைல பாத்தேன், சுங்குவார்சத்திரத்துல பாத்தேன். எங்கம்மா மூஞ்சி செவுத்தப் பாத்துக்கினு கீது. எனக்கு எப்டி இருந்திருக்கும்? நான் நீலக் கவருன்னு ஓடினது எதுக்குன்னு நெனச்ச? நீலத்துக்குள்ள போட்டா படம் சரியா தெரியாதுன்னுதான்."

அப்படியானால் அவனுக்கும் தெரியும். ஒருவருக்கொருவர் மறைத்து, ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு இந்த வீடு இத்தனை மாதம் ஓடியிருக்கிறது.

சந்திரம்மாள் மகளின் கையிலிருந்து சாம்பிளை வாங்கினாள். நன்றாகத்தான் இருந்தது. மதிவதனிக்கு அவள் அப்பாவின் மூக்கு. அந்த நெற்றிக்குப் பொட்டு எடுப்பாக இருந்தது.

"தமிழு, இத்த அடிச்சிட்டானா?"

"இல்லம்மா. சாம்பிள்தான். நீ சரின்னாதான் மிஷின்ல ஏத்துவான்." சொல்லிக்கொண்டே காது மடலைத் தடவினான். சின்ன வயதிலிருந்து பொய் சொல்லும்போதெல்லாம் அந்தக் கை அங்கே போகும். சந்திரம்மாள் அன்றைக்கு அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை.

"வேணாம்னு சொல்லிடு."

"ஏம்மா? இதான் ஒரே வழி. இல்லன்னா மிஷின விக்கணும்."

"இவளுக்கு நாளைக்குக் கல்யாணம் ஆவும். ஆண்டவன் புண்ணியத்துல நல்லா இருப்பா, இருக்கணும். ஆனா எவன் கைல எது கீது? எனக்கு மட்டும் தெரிஞ்சா பங்குனி வந்துது?" அவள் குரல் உயரவில்லை. "இவளுக்கும் அப்டி ஒண்ணுன்னா அன்னிக்கு இவ மூஞ்சியையும் எடுத்து செவுத்தப் பாக்கத் திருப்பி வெப்பாங்கடா. கோதண்டராமன் அண்ணன் மாதிரி நல்ல மனுஷங்களே வெப்பாங்க. நான் பாத்தது போதும். எம்பொண்ணு அதப் பாக்க வேணாம்."

தமிழ்வாணன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அப்ப இன்னாதான்மா பண்றது?" என்றாள் மதிவதனி.

சந்திரம்மாள் சாம்பிளை மேடை மேல் வைத்தாள். உள்ளங்கையால் மகளின் படத்தில் கண், மூக்கு, வாய் எல்லாவற்றையும் மூடினாள். பொட்டு மட்டும் வெளியே தெரிந்தது. மஞ்சள் மேல் ஒரு சிவப்பு வட்டம்.

"இன்னிக்குக் கடைல ஒரு புதுப்பொண்ணு இன்னான்னு கேட்டா? மஞ்ச கலருல செவப்புப் பொட்டு. மூஞ்சிய எவளும் கேக்கல" என்றாள். "இத்தான் அவரும் சொன்னாரு. நான்தான் அவரு என்னைப் போட்டாருன்னு சந்தோசத்துல அத மறந்துட்டேன்."

பரணில் இருந்து முனிரத்தினத்தின் பெயிண்ட் டப்பாக்களை இறக்கச் சொன்னாள். மஞ்சள் அரை டப்பா இருந்தது. மேலே ஆடை கட்டியிருந்ததைக் குச்சியால் கிழித்தாள். உள்ளே ஈரம் இருந்தது.

*

பொழுது சாய்கிற நேரம். பலராமன் வயலிலிருந்து வந்து, விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்து சாத்தினார். சாத்திவிட்டும் மனசு கேட்கவில்லை.

"இன்னாத்துக்கும்மா அழிக்கற? அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டுமே. என் செவுருதானே, எவன் கேப்பான்?"

"போற வர்றவங்க கேக்கறாங்கண்ணா" என்றாள்.

தமிழ்வாணன் பிரஷ்ஷை வாங்கிக்கொண்டு ஏணியில் இரண்டு படி ஏறினான். சுவரில் அம்மா சிரித்தாள். அப்படியே இறங்கி வந்து, வாய்க்கால் ஓரமாக முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மதிவதனி ஏணியைப் பிடித்துக்கொண்டாள். ஏறியது சந்திரம்மாள்தான்.

முதலில் புடவை. அப்புறம் கழுத்து, தாலிச்சரடு, முகவாய். உதட்டுக்கு வந்தபோது பிரஷ்ஷை இறக்கினாள். இந்த உதட்டை வரைந்த அன்று, அசையாமல் இரு என்று அவர் அதட்ட அதட்ட அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். பிரஷ்ஷை நனைத்து ஒரே இழுப்பில் அழித்தாள்.

கண்ணைக் கடைசியாக வைத்திருந்தாள். ஒருமுறை அடித்ததில் மறையவில்லை. மஞ்சளுக்குள்ளிருந்து மங்கலாகப் பார்த்துக்கொண்டே இருந்தது. காயட்டும் என்று காத்திருந்து, இரண்டாவது முறையும் அடித்தாள்.

பதினாறாம் நாள் ஊர்ப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து அவள் பொட்டை அழித்துவிட்டு முகத்தை விட்டுப் போனார்கள். இன்றைக்கு அவளே முகத்தை அழித்துவிட்டுப் பொட்டை விட்டுவைத்தாள். அன்றைக்கு அழுத மாதிரியே வாய்விட்டு அழுதாள். ஏணிக்குக் கீழே மகள் அழுதாள். பலராமன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார்.

பிரஷ் பட்டுப் பொட்டின் ஓரம் ஒரு இடத்தில் கலைந்திருந்தது. சிவப்பு டப்பாவை மேலே கொடுக்கச் சொன்னாள். முனிரத்தினம் வட்டத்தின் விளிம்பை எப்போதும் விரலால்தான் தீட்டுவார். அவளும் மோதிர விரலைச் சிவப்பில் தோய்த்து, ஓரத்தைச் சுற்றி மெதுவாகத் தீட்டி முடித்தாள்.

இறங்கி வந்து ரோட்டின் மறுபக்கம் போய் நின்று பார்த்தாள். அவ்வளவு பெரிய மஞ்சள் சுவரில் ஒரே ஒரு சிவப்புப் பொட்டு. அதற்கு நெற்றி இல்லை. ஆனாலும் கண் நேராக அங்கேதான் போய் நின்றது. அவர் பார்த்திருந்தால் தலையாட்டியிருப்பார் என்று தோன்றியது. அவள் முகத்தைக் காணோமே என்று கேட்டும் இருப்பார்.

"விரலெல்லாம் பெயிண்டு பாரும்மா. வூட்டுக்குப் போய் மண்ணெண்ண ஊத்திக் கழுவிடலாம்" என்றாள் மதிவதனி.

சந்திரம்மாள் விரலைப் பார்த்தாள். நாலு மாதத்துக்குப் பிறகு அந்த விரலில் சிவப்பு.

"கழுவ வாணாம். தானா போவட்டும்."

அப்போது ஸ்ரீபெரும்புதூர் பஸ் வந்து நின்றது. தாண்டவராயன் இறங்கினான். ஸ்டாப்பிங் பேரைக் கத்துவதற்கு வாயைத் திறந்து, சுவரைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றான். பிறகு பின்படியிலிருந்து சணல் கட்டிய ஒரு பெரிய பண்டலை இழுத்து ரோட்டோரம் இறக்கினான்.

"தமிழு, பிரஸ் பாபு குடுத்து உட்டாரு. நீ சொன்ன கணக்குல மொத்தமும் அடிச்சாச்சாம். ஆடிக்குள்ள வோணும்னு நீதான் அவசரப்படுத்தினியாமே?"

பஸ் போய்விட்டது.

வாய்க்கால் ஓரத்திலிருந்து தமிழ்வாணன் எழுந்து வந்தான். அவன் முகத்தில் ரத்தம் இல்லை. மதிவதனி அண்ணனைப் பார்க்கவில்லை, பண்டலைப் பார்த்தாள். சுற்றியிருந்த பழுப்புக் காகிதம் மேலே கிழிந்திருந்தது. கிழிசலுக்குள் மஞ்சள் தெரிந்தது, சிவப்புப் பொட்டு தெரிந்தது, அதற்குக் கீழே அவளுடைய இரண்டு கண்களும் தெரிந்தன.

டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தமிழ்வாணன் அவசரமாகக் குனிந்து, படம் தெரியாதபடி பண்டலைக் கவிழ்த்து வைக்கப் போனான்.

"திருப்பாத!"

அம்மா அப்படிக் கத்தி அவன் கேட்டதே இல்லை. ஓடி வந்து அவன் கையைத் தட்டிவிட்டு, பண்டலுக்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"எம்பொண்ணு மூஞ்சிடா அது. அதத் திருப்பாத."